சோகப்புயல் அணி மாறிய சாயங்காலம்

பட்டிமன்ற மேடைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். எதையும் நாலு வார்த்தையில் முடிக்கத் தெரியாததால்தான் நான் இத்தனை வருடம் நடுவராக இருந்தேன். முழங்கால் ஒத்துழைத்திருந்தால் இன்னும் இருந்திருப்பேன். இப்போது கோவில்பட்டியில் வீட்டோடு உட்கார்ந்து, உங்கள் பேச்சையெல்லாம் செல்போனில் பார்த்துத் திட்டிக்கொண்டிருக்கிறேன். அதிலும் ஒரு சுகம் இருக்கத்தான் செய்கிறது.

மைக்கை எப்படிப் பிடிப்பது, நேரத்தை எப்படிப் பங்கிடுவது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். நான் சொல்ல வந்தது ஒரே ஒரு தலைப்பைப் பற்றி. 'மனிதனை வளர்ப்பது துன்பமா, இன்பமா?' நம் கரிசல் பக்கம் இந்தத் தலைப்பைக் கேட்காத ஊர் கிடையாது. எட்டயபுரத்தில் பேசினால் அடுத்த வாரம் ஓட்டப்பிடாரத்தில் அதையே கேட்பார்கள். எந்த ஊரானாலும் கடைசியில் துன்பம்தான் ஜெயிக்கும். மழையை நம்பி மிளகாயும் பருத்தியும் போடுகிற சனங்களிடம் போய், நீங்கள் பட்ட கஷ்டம் வீண்போகவில்லை, அதுதான் உங்களை ஆளாக்கியது என்று சொன்னால் கைதட்டாமல் என்ன செய்வார்கள்? எனக்கும் அந்தத் தீர்ப்பைச் சொல்லிச் சொல்லி வாய் பழகியிருந்தது.

இன்னொன்றையும் போட்டு உடைத்துவிடுகிறேன். தீர்ப்பை யாரும் மேடையில் யோசித்துச் சொல்வதில்லை. அது வேனிலேயே முடிந்துவிடும். டீ குடிக்க வண்டி நிற்கும்போது, "இன்னைக்கு எந்தப் பக்கம்க்கா?" என்று கேட்பார்கள். நான் சொல்வேன். அதற்குத் தகுந்த மாதிரி கடைசிப் பேச்சாளர் ஏற்றி இறக்கிப் பேசுவார். இதை வெளியில் சொல்லிவிட்டேனே என்று என்மேல் பாய வேண்டாம். நீங்களும் அதைத்தான் செய்கிறீர்கள், எனக்குத் தெரியும்.

ஒரே ஒரு சாயங்காலம் வேனில் முடித்த தீர்ப்பு மேடையில் செல்லுபடியாகவில்லை. அதைத்தான் உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

என் அணியில் முத்துலட்சுமி என்று ஒரு பேச்சாளர். கோவில்பட்டியில் ஒரு தனியார் பள்ளியில் தமிழ் டீச்சர். விளாத்திகுளம் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவள். துன்பம் அணிக்கு அவள்தான் தூண். ஃபிளெக்ஸ் போர்டில் அவள் படத்துக்குக் கீழே 'சோகப்புயல்' என்று போடுவார்கள். அவளுக்கு அந்தப் பட்டத்தைப் பார்த்தாலே சிரிப்பு வந்துவிடும், ஏனென்றால் வேனில் அவளை மாதிரி வாயாடி வேறு யாரும் கிடையாது. ஆனால் மேடை ஏறிவிட்டால் கதை வேறு.

அவள் சொல்வது அவளுடைய சொந்தக் கதை. ஆறாம் வகுப்பில் படிக்கும்போது மழை பொய்த்த ஒரு வருடம். விதைத்தது முளைக்கவில்லை. வீட்டில் அடுப்பு எரிவதே பெரும்பாடு. ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தவளிடம் அப்பா புத்தகப் பையை வாங்கிச் சுவரில் மாட்டினார். மறுநாள் விடிவதற்குள், பிள்ளைகளை வேலைக்கு ஏற்றிப்போகிற தீப்பெட்டி ஆபீஸ் வண்டி வந்து நின்றது. கையைப் பிடித்து ஏற்றிவிட்டார். அவள் அழுதாள். அவர் திரும்பிப் பார்க்காமல் போனார். சில வருடம் கழித்துத்தான் அவளால் மறுபடி பள்ளிக்கூடம் போக முடிந்தது. "அந்தத் தீக்குச்சிகளை அடுக்கிய விரல்தான் பிறகு பேனா பிடித்தது. என் அப்பா எனக்குக் கொடுத்த அந்தத் துன்பம்தான் இன்று என்னை உங்கள் முன்னால் நிறுத்தியிருக்கிறது" என்று குரலை இறக்கி முடிப்பாள். கூட்டம் மூக்கைச் சிந்தும். பெண்கள் பக்கம் முந்தானை கண்ணுக்குப் போகும். நானும் என் கைக்குட்டையை எடுப்பேன். பல மேடைகளில் அது நடிப்பு, சில மேடைகளில் நிஜம்.

இன்பம் அணியின் தூண் பரமசிவம். 'சிரிப்புச் சரவெடி' என்று போர்டில் போடுவார்கள். அவர் மூச்சு விட்டாலே சனம் சிரிக்கும். மற்ற இரண்டு பேச்சாளர்களும் நன்றாகவே பேசக்கூடியவர்கள், ஆனால் அன்றைய கதையில் அவர்களுக்கு வேலை இல்லை. கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

பொங்கல் முடிந்த கையோடு ஓர் ஊரில் விழா. இரவில் பாட்டுக் கச்சேரி வைத்திருந்ததால் எங்களுக்குச் சாயங்காலம் நாலு மணிக்கே மேடை. ஏஜெண்ட் என்னிடம் "விளாத்திகுளம் பக்கம்" என்று மட்டும் சொல்லியிருந்தார். நானும் வேறெதுவும் கேட்கவில்லை. எட்டயபுரம் தாண்டிய பிறகு டிரைவர் வழி விசாரித்தபோதுதான் ஊர்ப் பெயர் வாய்விட்டு வந்தது. அதுவரை பரமசிவத்தைக் கிண்டல் பண்ணிக்கொண்டிருந்த முத்துலட்சுமி பேச்சை நிறுத்திவிட்டாள்.

"அக்கா, அது எங்க ஊருக்கு அடுத்த ஊரு. நடந்தே போயிரலாம்."

"அதுக்கென்ன? சொந்த ஊர்ச் சனம் கேக்கட்டுமே."

சொல்லி வாயை மூடவில்லை, அவள் போன் அடித்தது. அவளுடைய அப்பா செல்லையா. போனில் சத்தம் போட்டுப் பேசினால்தான் அந்தப் பக்கம் கேட்கும் என்று நினைக்கிற மனிதர், ஆகையால் வேனில் இருந்த எல்லோருக்கும் கேட்டது.

"ஏட்டி முத்து, எங்கன வருதீய?"

"எட்டயபுரம் தாண்டிட்டோம்ப்பா. எதுக்கு?"

"நான் மத்தியானமே வந்து முன்னால இடம் பிடிச்சிட்டேன். நீ பேசுததை இதுவரைக்கும் நேர்ல பாத்ததில்லல்லா? வெள்ளை வேட்டி எடுத்துக் கட்டிருக்கேன். நல்லா பேசணும், கேட்டியா?"

"சரிப்பா" என்றாள். போனை வைத்துவிட்டு வெளியே பார்த்தாள். ரோட்டுக்கு இரண்டு பக்கமும் மிளகாய்ச் செடி பச்சையாக நின்றது. அந்த வருடம் நல்ல மழை.

இப்போது உங்களுக்கு விளங்கியிருக்கும். ஊர் ஊராகக் கொண்டுபோய் அவள் சொன்ன கதையில் வருகிற அப்பா, வெள்ளை வேட்டி கட்டி முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். சுற்றி இருப்பது முழுக்க அவரைத் தெரிந்த சனம், சொந்தபந்தம், சம்பந்தி வீட்டார். அவர்கள் நடுவில் வைத்து, "என் அப்பா என் கையைப் பிடித்து வண்டியில் ஏற்றினார்" என்று மகள் மைக்கில் சொல்ல வேண்டும். அந்த வயதில் அவர் அந்த அவமானத்தை எங்கே கொண்டுபோய் வைப்பார்?

"அக்கா, எனக்கு அந்தப் பக்கம் வேண்டாம். இன்னைக்கு என்னை இன்பம் பக்கம் போடுங்க" என்றாள்.

எனக்குப் பொசுக்கென்று கோபம் வந்துவிட்டது. மேடைக்குப் போக அரை மணி நேரம் இருக்கிறது, இவள் அணி மாற வேண்டும் என்கிறாள். "அப்பா பேரைச் சொல்லாம வேற எதாவது கஷ்டத்தைச் சொல்லு. உனக்குக் கஷ்டத்துக்கா பஞ்சம்?" என்று எரிந்து விழுந்தேன்.

"அது மட்டும் இல்லக்கா. அந்தக் கதையைச் சொல்லிட்டு வீட்டுக்குப் போனா எனக்கு ரெண்டு நாளைக்குச் சோறு இறங்காது. சனம் அழுது, கைதட்டி, போட்டோ எடுத்துட்டுப் போயிருது. நான்தான் அந்த வண்டிக்குள்ளயே உக்காந்திருக்கேன். இதைச் சொன்னா நீங்க என்னைக் கூப்பிடாம விட்டுருவீகளோன்னு பயந்து சொல்லல. அழ வைக்காட்டி என்னை யாரு கூப்பிடுவா?"

பரமசிவம் முன் சீட்டிலிருந்து திரும்பினார். "அப்போ துன்பம் பக்கம் யாரு பேசுறது?"

நானும் முத்துலட்சுமியும் அவரையே பார்த்தோம்.

"என்னைய ஏன் பாக்குதீங்க? நான் அழுதா சனம் சிரிக்கும்க்கா."

"சிரிக்கட்டும்" என்றேன். அந்தச் சொல் எப்படி வந்ததென்று தெரியவில்லை. யோசித்து வந்த முடிவு இல்லை, பயத்தில் வந்த முடிவு. ஆனால் வந்த பிறகு உள்ளுக்குள் ஒரு துள்ளல். வெகுநாளைக்குப் பிறகு என்ன நடக்கும் என்று தெரியாமல் ஒரு மேடை ஏறப்போகிறேன்.

ஊர் எல்லையிலேயே விழாக் கமிட்டித் தலைவர் எதிர்கொண்டு வந்தார். மளிகைக் கடையும் சிமென்ட் கடையும் வைத்திருக்கிற அண்ணாச்சி, கையில் சந்தனக் கிண்ணம். விஷயத்தைச் சொன்னதும் கிண்ணம் அப்படியே நின்றுவிட்டது.

"என்ன நடுவரம்மா இப்படிச் சொல்லுதீங்க? இந்த அம்மா அழுத வீடியோவைப் பாத்துட்டுத்தானே கூப்பிட்டோம்? போர்டுல சோகப்புயல்னு போட்டிருக்கு. பொம்பளையாள்லாம் அதுக்குன்னே வந்து உக்காந்திருக்காக. அவிய அழாம எந்திரிச்சுப் போனா என் மூஞ்சியில முழிப்பாகளா?"

இந்த இடத்தைக் கவனியுங்கள் பிள்ளைகளே. கமிட்டிக்காரரிடம் ஒருநாளும் நியாயம் பேசாதீர்கள். அவர் பயப்படுவது கூட்டம் கலைந்துவிடுமோ என்றுதான். கூட்டம் கலையாது என்று அவருக்குக் காட்டிவிட்டால் போதும்.

"அண்ணாச்சி, அழுகுற சோகப்புயலை எல்லா ஊரும் பாத்தாச்சு. சிரிக்கிற சோகப்புயலை எந்த ஊரும் பாக்கல. முதல்ல உங்க ஊருதான் பாக்கப்போகுது. இதை நானே மைக்ல சொல்லுதேன்" என்றேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "மைக்ல எங்க கமிட்டி பேரையும் சேத்துச் சொல்லுவீகளா?"

"முதல்ல அதைத்தான் சொல்லுவேன்."

சந்தனம் என் கைக்கு வந்துவிட்டது.

மேடை ஏறினால் மேற்கு வெயில் நேரே கண்ணில் அடிக்கிறது. கையை நெற்றியில் வைத்துத்தான் கூட்டத்தைப் பார்க்க முடிந்தது. ஊரே திரண்டிருந்தது. முன்வரிசையில் நடுவில் ஒல்லியாக, கறுப்பாக, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தவரை யாரும் எனக்குக் காட்ட வேண்டியிருக்கவில்லை. மகளுக்கு அதே நெற்றி. இரண்டு கையையும் தொடைமேல் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துக்கு விசாரணைக்கு வந்தவர் போல உட்கார்ந்திருந்தார். அது பெருமையில் வந்த விறைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

"இன்று இந்தக் கமிட்டியாரின் மேடையில் மட்டும் ஒரு புதுமை. சோகப்புயல் சிரிக்கப்போகிறது, சிரிப்புச் சரவெடி அழப்போகிறது" என்று அறிவித்தேன். விசில் பறந்தது. அண்ணாச்சி எழுந்து நின்று நாலு பக்கமும் கும்பிட்டார். அவரே யோசித்த புதுமை என்று ஊர் நினைத்துக்கொண்டது, நானும் மறுக்கவில்லை.

முதலில் பரமசிவம். துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்தார், கூட்டம் சிரித்தது. "சிரிக்காதீக, நான் நிசமாவே வருத்தமா இருக்கேன்" என்றார், இன்னும் சிரித்தது. அதற்குப் பிறகு அழுவதை விட்டுவிட்டு யோசிக்கத் தொடங்கினார். அதுதான் அவரைக் காப்பாற்றியது.

"நம்ம ஊருல தண்ணிக்குப் பட்ட பாட்டை நினைச்சுப் பாருங்க. ஒரு வாளித் தண்ணி. அதுல முதல்ல அரிசி களைவோம். அந்தத் தண்ணியில பாத்திரத்தை ஒரு அலசு. அதுல கால் கழுவுவோம். கழுவுன தண்ணி ஓடி முருங்கைக்குப் போகும். அந்த முருங்கைக் காயைப் பறிச்சு மறுநாள் குழம்பு. ஒரு வாளியை வச்சு இம்புட்டும் செய்யுதவன் விஞ்ஞானியா இல்லையா? ஆத்தங்கரையில பிறந்தவனுக்கு இந்த மூளை வருமா? கஷ்டம் குடுத்த மூளைங்க இது."

கைதட்டு கிளம்பியது பாருங்கள். நான் அசந்துபோனேன். வழக்கமாகச் சினிமா ஜோக்கையும் மாமியார் ஜோக்கையும் வைத்து ஓட்டுகிறவர், சொந்தமாக ஒரு வாதம் பிடித்துவிட்டார். அந்த வாதம் நல்ல வாதம் என்பதுதான் எனக்குக் கலக்கம். இதற்கு முத்துலட்சுமி என்ன பதில் சொல்லப்போகிறாள்? இன்பம் பக்கம் அவள் பேசியதே கிடையாது.

அவள் மைக் முன்னால் வந்து நின்றாள். அவளுடைய அப்பா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

"அண்ணன் சொன்ன வாளி எங்க வீட்டுலயும் இருந்துச்சு" என்று தொடங்கினாள். மேடைத் தமிழை விட்டுவிட்டு ஊர்ப்பேச்சில் தொடங்கினாள், அதுவே புதிது. "ஆனா அண்ணனுக்கு ஒண்ணு மறந்துபோச்சு. அந்த வாளியைச் சுமந்துட்டு வந்தது யாரு? எங்கம்மா. ஊர்க் கிணத்துல தண்ணி ஊறுத வரைக்கும் நின்னு, சிரட்டையில கோரி ஊத்திக் கொண்டாருவா. எங்கம்மா கோலம் போட்டா தெருவே நின்னு பாக்கும். அந்த வருசம் அவ கோலமே போடல. நேரம் இல்ல, தெம்பும் இல்ல. கஷ்டம் மூளையை வளக்கும்னா, அன்னைக்குத்தானே பெரிய கோலம் வந்திருக்கணும்?"

பெண்கள் பக்கம் ஒரு சலசலப்பு. அழுகை இல்லை. ஒருத்தரை ஒருத்தர் பார்த்துத் தலையாட்டினார்கள்.

"நான் தீப்பெட்டி ஆபீசுல குச்சியைக் கட்டையில அடுக்குனவ. உங்க எல்லாருக்கும் தெரியும். எனக்குப் பக்கத்துல உக்காந்து அடுக்குனவ இந்தா இருக்கா, பேச்சியம்மா. ஏட்டி பேச்சி, எந்திரி."

மூன்றாவது வரிசையில் ஒரு பெண் வாயைப் பொத்திச் சிரித்தபடி பாதி எழுந்து உட்கார்ந்தாள்.

"எங்க வாத்தியார் போர்டுல கணக்கை எழுதி முடிக்கு முன்னால இவ விடையைச் சொல்லிருவா. என்னைவிடக் கெட்டிக்காரி. எனக்கு என்ன கஷ்டமோ அதே கஷ்டம்தான் இவளுக்கும். அதே வண்டி, அதே கட்டை, அதே பசி. கஷ்டம்தான் ஆளை வளக்கும்னா இவ இன்னைக்குக் கலெக்டரா இருக்கணும். மிளகாய்க் காட்டு வேலைக்குப் போயிட்டு இருக்கா. ஒரு வண்டி நிறைய பிள்ளைக போனோம், மைக்குக்கு முன்னால வந்தது நான் ஒருத்திதான். என்னை மட்டும் காட்டி, பாத்தீகளா கஷ்டத்தோட மகிமையைன்னு சொன்னா, மத்தவளுகளுக்கு என்ன பதில் சொல்ல?"

பேச்சியம்மா சிரிப்பதை நிறுத்தியிருந்தாள். இருபது வருடத்துக்கு மேல் அந்தத் தலைப்பைக் கட்டி மேய்த்த எனக்கு, ஒருநாளும் இந்தக் கேள்வி தோன்றியதில்லை. நடுவர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு நான் கைதட்டக்கூடாது. தட்டிவிட்டேன்.

"எனக்கும் அவளுக்கும் ஒரே ஒரு வித்தியாசம்" என்று முத்துலட்சுமி தொடர்ந்தாள். குரல் இலேசாகத் துள்ளியது. "எங்கப்பாட்ட ஒரு சைக்கிள் இருந்துச்சு. எந்த ஊருல பட்டிமன்றம் போட்டாலும் என்னைப் பின்னால தூக்கி வச்சு மிதிச்சிருவாரு. திரும்பி வரும்போது, 'ஏட்டி, இன்னைக்கு யாரு பேச்சு நல்லாருந்துச்சு'ன்னு கேப்பாரு. நான் அவிய மாதிரியே பேசிக் காட்டுவேன். கனைக்குதவரு, மூக்கை உறிஞ்சுதவரு, எல்லாரையும் செஞ்சு காட்டுவேன். எங்கப்பா சிரிக்கிற சிரிப்புல சைக்கிள் கோணலா ஓடி ரெண்டு தடவை ஓடைக்குள்ள விழுந்திருக்கோம். விழுந்த பொறவும் சிரிச்சாரு. ஆபீசுல பேசுனா திட்டு விழும், பகல் முழுக்க வாயை மூடிட்டே இருப்பேன். அந்தச் சைக்கிள் மேலதான் எனக்கு வாய் திறந்துச்சு. நான் பேசக் கத்துக்கிட்டது எங்கப்பாவைச் சிரிக்க வைக்கிறதுக்காக. இதை ஒரு மேடையிலயும் நான் சொன்னதில்ல, ஏன்னா நான் எப்பவும் எதிர் அணியில இருந்தேன்."

பிறகு அந்தக் கனைக்கிறவர் எப்படிப் பேசுவார் என்று செய்து காட்டினாள். பரமசிவம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், அவர் எதிர் அணி என்பதே அவருக்கு மறந்துவிட்டது. கூட்டம் கொந்தளித்தது. அண்ணாச்சி பக்கத்தில் இருந்தவர் முதுகில் ஓங்கி அடித்தார். பள்ளிக்கூடம் நின்றுபோனதைப் பற்றி அவள் எதுவுமே சொல்லவில்லை. அந்த இடத்தை லாவகமாகத் தாண்டி, அப்பாவைக் காப்பாற்றி, அழ வைக்காமலே ஊரைக் கட்டிப்போட்டு, கும்பிட்டுத் தன் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். நான் பூரித்துப்போய் உட்கார்ந்திருந்தேன். தப்பித்தோம் என்று நினைத்தேன்.

தீர்ப்புக்கு எழுந்தேன். வழக்கம்போல வேனில் முடித்தது துன்பம். அதைச் சொன்னால் என் நாக்கு கூசும். இன்பம் என்று சொல்ல வாயெடுத்தேன். முன்வரிசையில் செல்லையா எழுந்து நின்றார்.

"நடுவரம்மா, ஒரு வார்த்தை பேசிக்கிடலாமா?"

நடுவர் தீர்ப்பு சொல்லும்போது கூட்டத்தில் ஒருவர் பேச விடக்கூடாது. அது நம் தொழிலில் எழுதாத சட்டம். குடித்தவர் பேசுவார், அரசியல் பேசுவார், மேடை கைவிட்டுப் போய்விடும். கமிட்டி ஆள் ஒருவர் அவரை உட்கார வைக்கத் தோளில் கை வைத்துவிட்டார். முத்துலட்சுமி முகம் வெளுத்திருந்தது. நான் ஒரு நொடி அவளைப் பார்த்தேன், ஒரு நொடி அவரைப் பார்த்தேன். அவர் கண் என்னை விட்டு விலகவில்லை. அந்த ஆளை விலகச் சொல்லிவிட்டு மைக்கைக் கீழே கொடுத்தேன். ஏன் கொடுத்தேன் என்று கேட்டால் இன்றும் எனக்குச் சொல்லத் தெரியாது. சில நேரம் சட்டத்தைப் பார்க்கக்கூடாது, ஆளைப் பார்க்க வேண்டும்.

அவர் மைக்கை வாயோடு ஒட்டி வைத்துக்கொண்டார். போனில் பேசுகிற அதே சத்தம்.

"எம்மக நல்லதை மட்டும் சொல்லிட்டுப் போயிட்டா. பள்ளிக்கூடத்தைச் சொல்லல. நான் இங்கன உக்காந்திருக்கேன்னுதான் அதைச் சொல்லல. அவ மத்த ஊருல பேசுனதை எங்க தெருப் பயலுவ செல்போன்ல போட்டுக் காட்டிட்டானுவ. ஒரு வருசத்துக்கு முன்னாலயே கேட்டுட்டேன். இன்னைக்கும் அதைத்தான் சொல்லுவான்னு நினைச்சுத்தான் வந்தேன். எங்கயோ கண்காணாத ஊருல சொல்லுதவ, எம்மூஞ்சிக்கு நேரா ஒரு தடவை சொல்லிட்டான்னா அவளுக்கு மனசு ஆறும்னு மத்தியானமே வந்து முன்னால உக்காந்தேன்."

பள்ளிக்கூடத்துக்கு விசாரணைக்கு வந்தவர் போல அவர் உட்கார்ந்திருந்ததற்கு எனக்கு அப்போதுதான் அர்த்தம் விளங்கியது.

"அவ பையை நான்தான் பிடுங்கி மாட்டுனேன். வண்டியில ஏத்துனது நான்தான். எல்லாருக்கும் தெரியும், சும்மா இருக்கீக. அந்த வீடியோவைப் பாத்துட்டு நிறைய பேரு என்ட்ட வந்து, 'செல்லையா, நீ பண்ணுனதாலதான உம்மக இன்னைக்கு இம்புட்டு உசரத்துல இருக்கா'ன்னு சொல்லுதாக. என்னைத் தேத்துததுக்குச் சொல்லுதாக. எனக்கும் அப்படியே நம்பிக்கிட்டா ராத்திரி தூக்கம் வரும். ஆனா அது பொய். நான் அவளை அன்னைக்கு நிப்பாட்டாம இருந்திருந்தா இவ இன்னும் எங்கயோ போயிருப்பா. அவ வளந்தது அவளால. நான் செஞ்சதுக்கு அந்தப் பேரைக் குடுக்காதீக. இனிமே யாரும் என்ட்ட வந்து அப்படிச் சொல்லிராதீக. அம்புட்டுதான்."

மைக்கைத் துண்டால் துடைத்து மேடைமேல் வைத்தார். உட்காரவில்லை.

பிள்ளைகளே, அத்தனை வருடத்தில் எத்தனை ஊரில் நான் அந்தத் தீர்ப்பைச் சொல்லியிருப்பேன். துன்பம்தான் மனிதனை வளர்க்கிறது என்று சொன்னபோதெல்லாம், பட்டவர்களுக்கு ஆறுதல் சொல்கிறேன் என்றுதான் நினைத்தேன். அந்தப் பேச்சு யாருக்கு இன்னும் பெரிய ஆறுதல் என்று அந்த மனிதர்தான் காட்டினார். பட்டினி போட்டவனுக்கும் அடித்தவனுக்கும் படிப்பை நிறுத்தியவனுக்கும் அதைவிட நல்ல வக்கீல் கிடைக்காது. அந்த ஆறுதல் அவருடைய மடியில் வந்து விழுந்தது, அவர் அதை எடுக்க மறுத்துவிட்டார். நீங்கள் இந்தத் தலைப்பைப் பேசத்தான் போகிறீர்கள், வேண்டாம் என்று சொன்னால் கேட்கவா போகிறீர்கள்? துன்பத்திலிருந்து பேச நிறைய விஷயம் கிடைக்கும், அதை நான் மறுக்க மாட்டேன். பரமசிவத்தின் வாளியும் பொய் இல்லை. ஆனால் பட்ட துன்பத்துக்கு நன்றி சொல்லச் சொல்லி யாரையும் மேடையில் நிறுத்தாதீர்கள்.

அன்றைக்குத் தீர்ப்பு மிகவும் சின்னது. "இன்பம் அணிக்கே தீர்ப்பு. காரணத்தை அவர் சொல்லிவிட்டார்" என்றேன். அதற்குமேல் எனக்குப் பேச்சு வரவில்லை, அதுவும் எனக்கு முதல் தடவை. கைதட்டு எங்கிருந்து தொடங்கியதென்று தெரியாது. பேச்சியம்மா பக்கமிருந்து என்று பரமசிவம் சொன்னார். நான் பார்த்தபோது ஊர் முழுவதும் எழுந்து நின்று தட்டிக்கொண்டிருந்தது. எனக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது, கைக்குட்டையை எங்கேயோ போட்டுவிட்டேன்.

முத்துலட்சுமி மேடைப் படியில் இறங்காமல் முன்பக்கமே குதித்தாள். சேலை தடுக்கி விழப்போனவளை அவர்தான் பிடித்தார். சனம் சுற்றிக்கொண்டது. நானும் முழங்காலைத் திட்டிக்கொண்டே இறங்கிப் பின்னாலேயே போய் நின்றேன். மகள் ஏதாவது நல்ல வார்த்தை சொல்லுவாள், நான் மன்னித்துவிட்டேன் என்று சொல்லுவாள் என்று எல்லோரும் அவள் வாயையே பார்த்தார்கள். அண்ணாச்சி செல்போனை உயர்த்திப் பிடித்திருந்தார்.

அவள் அப்பாவின் கையை விடவே இல்லை. "அப்பா, எனக்கு இன்னும் கோவம் இருக்குப்பா" என்றாள்.

"இருக்கட்டும்ட்டி" என்றார் செல்லையா. "போயிருச்சுன்னு நீ சொல்லிருந்தா நான் நம்பிருக்க மாட்டேன்."